சியாட்டில் டிராலி பஸ்: கம்பிக்குக் கிடைத்த பணமும் ஓட்டத்துக்குக் கிடைக்காத பணமும்



பொதுப் போக்குவரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். அது கடல் போன்ற விஷயம். ஒரே ஒரு நகரத்தை, அதிலும் ஒரே ஒரு வகைப் பேருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறேனே என்று கேட்டேன், பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டீர்கள். நகரம், அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில். பேருந்து, அங்கே 1940 முதல் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கும் டிராலி பஸ். அந்த ஊரில் சில ஆண்டுகள் குடியிருந்து, அந்தப் பேருந்தில் வேலைக்குப் போய் வந்தவன் நான். ஆகவே விலகி நின்று பேசுகிறவனாக என்னை நினைக்க வேண்டாம். அது நிலைக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறவன்.

டிராலி பஸ்ஸைப் பார்த்திராத இளைஞர்கள் இங்கே பலர் இருப்பீர்கள். சென்னையில் 1953 வரை டிராம் ஓடியது. டிராலி பஸ் ஓடியதில்லை. மும்பையில் பெஸ்ட் நிறுவனம் 1962 முதல் 1971 வரை ஓட்டியது. கொழும்பில் 1953 முதல் 1964 வரை ஓடியது. மற்றப் பேருந்துகளைப் போலவே ரப்பர் டயரில் சாலையில் ஓடும் வண்டிதான் இது. ஆனால் கூரையிலிருந்து இரண்டு நீண்ட கோல்கள் மேலெழுந்து, தெருவுக்கு மேலே கட்டியிருக்கும் இரண்டு கம்பிகளைத் தொட்டபடி வரும். டிராமுக்கு மேலே ஒரு கம்பி போதும். மின்சாரம் திரும்பிப் போகக் காலடியில் தண்டவாளம் இருக்கிறது. ரப்பர் டயர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால்தான் வர ஒரு கம்பி, போக ஒரு கம்பி. கோலின் நுனியில் கார்பன் பட்டை பதித்த ஒரு சிறு காலணி கம்பியோடு வழுக்கிக்கொண்டு வரும். சியாட்டிலில் அந்தக் கம்பியில் ஓடுவது 700 வோல்ட் நேர்மின்சாரம். வழியெங்கும் உள்ள துணை மின்நிலையங்கள் மாறுமின்சாரத்தை வாங்கி நேர்மின்சாரமாக மாற்றிக் கொடுக்கின்றன.

சியாட்டில் மேடும் பள்ளமுமான ஊர். குயின் ஆன் குன்றுக்கு ஏறும் தெரு ஏறத்தாழ 18 சதவீதச் சரிவு. அந்தத் தெருவுக்கு இன்றும் கவுண்டர்பேலன்ஸ் என்றுதான் பெயர். டிராம் ஓடிய காலத்தில் சாலைக்கு அடியில் சுரங்கம் வெட்டி, அதில் கனமான ஓர் எதிர் எடை வண்டியை விட்டிருந்தார்கள். மேலே டிராம் ஏறும்போது கீழே அந்த எடை இறங்கும். டிராம் இறங்கும்போது எடை ஏறும். 1940-ல் டிராலி பஸ் வந்ததும் அத்தனை ஏற்பாடும் வேண்டாமல் போயிற்று. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே முழுத் திருப்புவிசையைத் தரும். டீசல் எஞ்சின் உறுமிக்கொண்டு ஏறும் மேட்டில் டிராலி பஸ் சத்தமில்லாமல் ஏறிவிடும். இறங்கும்போது மோட்டாரே தடுப்பானாக வேலை செய்து மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பி அனுப்பும். அந்த நேரத்தில் அதே பகுதியில் வேறொரு வண்டி ஏறிக்கொண்டிருந்தால் அதற்கு அது பயன்படும். சியாட்டிலின் மின்வாரியம் நகராட்சிக்குச் சொந்தம். ஸ்காஜிட் ஆற்றில் அணைகள் கட்டி நீர்மின்சாரம் எடுக்கும் வாரியம் அது. மேடும் மலிவான மின்சாரமும் ஒன்றாக அமைந்த ஊர் என்பதால், பொறியியலின் பக்கம் பார்த்தால் இந்தப் பேருந்துக்கு எதிராகச் சொல்ல அங்கே அதிகம் ஒன்றுமில்லை.

ஆனாலும் ஏறத்தாழ எண்பத்தைந்து ஆண்டுகளில் அது பலமுறை சாவின் விளிம்புக்குப் போய் மீண்டது. போனதும் மீண்டதும் பொறியியலால் அல்ல. பணம் எங்கிருந்து வருகிறது, எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பதால்தான். இன்று நான் சொல்ல வந்தது இதுதான்.

கதை 1919-ல் தொடங்குகிறது. சியாட்டிலின் டிராம்கள் அதுவரை பாஸ்டனைச் சேர்ந்த ஸ்டோன் அண்ட் வெப்ஸ்டர் குழுமத்தின் கையில் இருந்தன. முதல் உலகப் போர்க் காலத்தில் கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வந்து குவிந்தார்கள். டிராம்கள் பிதுங்கின, நிறுவனம் திணறியது, மக்கள் கொதித்தார்கள். மேயர் ஓல் ஹான்சன் டிராம்களை நகராட்சியே வாங்கிக்கொள்ளட்டும் என்றார். விலை 1 கோடியே 50 லட்சம் டாலர். அந்தப் பழைய வண்டிகளுக்கும் தேய்ந்த தண்டவாளத்துக்கும் அது மிக அதிகம் என்று அன்றே பலர் சொன்னார்கள். பணம் ரொக்கமாகக் கொடுக்கப்படவில்லை; கடன் பத்திரங்களாகக் கொடுக்கப்பட்டது. அந்தக் கடனை டிராம் வருமானத்திலிருந்து மட்டுமே அடைக்க வேண்டும். வரி செலுத்துவோர் சிலர் வழக்குத் தொடுத்தார்கள். நகராட்சியின் பொது வரிப்பணத்தை டிராம் ஓட்டும் செலவுக்கு எடுக்கக் கூடாது என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

இதன் பொருளை நிதானமாக யோசித்துப் பாருங்கள். பயணி கொடுக்கும் சில சென்ட் கட்டணத்திலிருந்து ஓட்டுநர் சம்பளம், மின்சாரம், பழுது எல்லாம் போக, பழைய முதலாளிக்குத் தவணையும் வட்டியும் கட்ட வேண்டும். முதலில் கடன்காரருக்கு, மிச்சமிருந்தால் பயணிக்கு. இருபது ஆண்டுகள் இப்படியே ஓடின. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் ஊழியர்களுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக உறுதிச்சீட்டுகள் கொடுத்த மாதங்களும் உண்டு. வெளியே கடைக்காரர்கள் அந்தச் சீட்டுகளை முக மதிப்புக்குக் குறைவாகத்தான் வாங்கிக்கொண்டார்கள். தண்டவாளம் மேலும் தேய்ந்தது. டிராமை எடுத்துவிட்டு டிராலி பஸ் விடலாம் என்ற திட்டத்தை 1937-ல் வாக்காளர்கள் நிராகரித்தார்கள்.

1939-ல் மத்திய அரசின் மறுசீரமைப்பு நிதிக் கழகம் 1 கோடியே 2 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. அதில் பழைய கடன்களைத் தீர்த்து, தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்து, கம்பி கட்டி, புது வண்டிகளை வாங்கினார்கள். 1940 ஏப்ரல் 28-ல் முதல் டிராலி பஸ் ஓடியது. அடுத்த ஏப்ரலில் கடைசி டிராமும் நின்றது. சியாட்டிலின் டிராலி பஸ் வலை, மாசைக் குறைக்கவோ எதிர்காலத்தைக் கருதியோ பிறந்ததல்ல. ஒரு திவாலைத் தீர்க்கக் கிடைத்த கடனோடு சேர்ந்து பிறந்தது. புதிதாக ஒன்றைக் கட்டுவதற்குப் பெரிய தொகை கிடைத்தது. இருபது ஆண்டுகள் பட்டினி கிடந்தது அன்றாட ஓட்டம். இதே கதை இன்றுவரை திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வண்டிகள் நிரம்பி வழிந்தன. அதன்பின் கார் வந்தது, புறநகர் வந்தது, பயணிகள் குறைந்தார்கள். 1950-களின் முடிவுக்குள் அமெரிக்காவில் டிராலி பஸ் தயாரித்த நிறுவனங்கள் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. மார்மன் ஹெரிங்டன் 1959-ல் நிறுத்தியது. உதிரி பாகம் கிடைப்பது சிரமம். நகரின் நடுவே தெருக்கள் ஒருவழியாகின்றன, நெடுஞ்சாலை வெட்டப்படுகிறது, ஒவ்வொரு முறையும் கம்பியை இடம் மாற்ற வேண்டும். அந்தச் செலவு யார் தலையில்? பேருந்து நிறுவனத்தின் தலையில். டீசல் பேருந்து ஓடும் சாலையைப் போடுகிறது சாலைத்துறை. அந்தச் செலவு பேருந்துக் கணக்கில் வராது. டிராலி பஸ்ஸின் கம்பியும் கம்பமும் துணை மின்நிலையமும் முழுக்கப் பேருந்து நிறுவனத்தின் செலவு. இரண்டு வண்டிகளையும் அருகருகே நிறுத்திக் கணக்குப் போட்டால் டீசல் மலிவாகத் தெரிவதற்கு இது ஒரு பெரிய காரணம். கரும்புகையைச் சுவாசிக்கிறவரின் மருத்துவச் செலவைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை. 1963-க்குப் பின் கம்பிகளில் பெரும்பகுதி இறக்கப்பட்டது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள்; எதிர்ப்பு எடுபடவில்லை. மேட்டுத் தெருக்களின் சில வழித்தடங்களே தப்பின.

சாலைக்கும் பேருந்துக்கும் இடையே உள்ள இந்த ஏற்றத்தாழ்வு வாஷிங்டன் மாநிலத்தில் வெறும் வழக்கம் மட்டுமல்ல, அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 1944-ல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 18-ஆவது திருத்தத்தின்படி, பெட்ரோல் வரியில் கிடைக்கும் பணத்தை நெடுஞ்சாலைப் பணிகளுக்கு மட்டுமே செலவிட வேண்டும். ஆக, சாலைக்கு அரசியல் சட்டப் பாதுகாப்போடு நிலையான வருமானம் உண்டு. அதே சாலையில் ஓடும் பேருந்து அதிலிருந்து ஒரு டாலர்கூட எடுக்க முடியாது. ஒவ்வொரு சில ஆண்டுக்கும் வாக்காளர் முன்னால் போய் நின்று கேட்டு வாங்க வேண்டும். இந்த ஒரு திருத்தத்தைப் புரிந்துகொண்டால் பிறகு நடந்ததெல்லாம் விளங்கும்.

1968-ல் சியாட்டில் அடங்கிய கிங் மாவட்டத்தில் மெட்ரோ ரயில் அமைப்பதற்கான கடன் பத்திரத்தை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். செலவில் மூன்றில் இரண்டு பங்கு மத்திய அரசு தரத் தயார். பாதிக்குச் சற்று மேல் ஆதரவு வாக்குகள் விழுந்தன. ஆனால் சட்டப்படி 60 சதவீதம் வேண்டும். 1970-ல் மறுபடி கேட்டார்கள். அப்போது பாதிகூட வரவில்லை. மாநிலத்தின் செனட்டர் வாரன் மாக்னுசன் சியாட்டிலுக்காக எடுத்து வைத்திருந்த மத்திய நிதி அட்லாண்டாவுக்குப் போய்ச் சேர்ந்தது. அந்தப் பணம் சேர்ந்து கட்டியதுதான் அட்லாண்டாவின் மெட்ரோ ரயில். பெரும்பான்மையினர் வேண்டும் என்று சொல்லியும் ஒரு நகரம் பல பத்தாண்டுக் காலம் ஓர் அமைப்பை இழக்க முடியும் என்பதை நினைத்தால் இன்றும் மனம் ஆறுவதில்லை.

ரயில் போயிற்று, பேருந்து மிஞ்சியது. 1972 செப்டம்பரில் 0.3 சதவீத விற்பனை வரிக்கு வாக்காளர்கள் சம்மதித்தார்கள். 1973 முதல் மாவட்டம் முழுமைக்கும் மெட்ரோ என்ற பேருந்து அமைப்பு வந்தது. எண்ணெய் நெருக்கடி வந்த காலம் அது. டிராலி பஸ்ஸைக் காப்பாற்ற வேண்டும் என்ற குரலுக்கு அப்போதுதான் வலு வந்தது. 1978 ஜனவரியில் டிராலி பஸ்களை நிறுத்தி, பெருமளவு மத்திய மானியத்தோடு வலையைப் புதிதாகக் கட்டி, 1979-ல் 109 புதிய வண்டிகளோடு திறந்தார்கள். இருபது ஆண்டாக ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த அமைப்பு ஓரிரு ஆண்டில் புத்துயிர் பெற்றது.

மத்திய அரசின் பணத்துக்கு ஒரு குணம் உண்டு. பொதுப் போக்குவரத்துக்கான 1964-ஆம் ஆண்டுச் சட்டம் மூலதனச் செலவுக்கு மட்டுமே பணம் கொடுத்தது: வண்டி வாங்கலாம், பணிமனை கட்டலாம், ஓட்டுநருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. 1974-ல்தான் ஓட்டும் செலவுக்கும் உதவி வந்தது. ரீகன் காலத்தில் அது தேயத் தொடங்கி, 1998-ல் இரண்டு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகர்ப்பகுதிகளுக்கு அடியோடு நின்றது. பேருந்துத் துறையில் செலவின் பெரும்பகுதி ஓட்டுநர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் வாங்கும் சம்பளம். ஓட்டுநர் சம்பளத்துக்கு மத்திய அரசிடம் பணமில்லை. இரும்புக்கும் கம்பிக்கும் உண்டு. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்து பேருந்துகள் காலியாக ஓடியபோதுதான் விதி தளர்ந்தது. பொதுப் போக்குவரத்துக்கு 2,500 கோடி டாலர் கொடுத்தார்கள். அதைச் சம்பளத்துக்கும் பயன்படுத்தலாம் என்றார்கள். அதற்குப் பேரிடர் வேண்டியிருந்தது.

மத்தியப் போக்குவரத்துச் சட்டத்தில் இன்னொரு பிரிவு உண்டு. நிலையான வழித்தடம் என்று கருதப்படும் அமைப்புகளுக்கு மத்திய நிதிப் பங்கீட்டில் கூடுதல் பணம் உண்டு. ரயில், தனி வழியில் ஓடும் பேருந்து, பயணிகள் படகு ஆகியவற்றோடு, தலைக்கு மேலே நிரந்தரக் கம்பி கட்டி ஓட்டும் வண்டியையும் அந்தச் சட்டம் இந்தப் பட்டியலில் வைத்திருக்கிறது. டிராலி பஸ் எல்லாருக்கும் பொதுவான சாலையில்தான் போகிறது, காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் மேலே கம்பி இருப்பதால் ஒவ்வொரு மைலுக்கும் அந்தப் பங்கு கிடைக்கும்.

இந்தப் பிரிவு எவ்வளவு தூரம் போய்ப் பாய்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். 2009-ல் கிங் மாவட்டத்தின் தணிக்கை அலுவலகம் மெட்ரோவைத் தணிக்கை செய்தது. டிராலி பஸ்களுக்கு வயதாகிவிட்டது, அவற்றுக்குப் பதில் டீசல் ஹைபிரிட் வாங்கினால் ஆண்டுக்கு 87 லட்சம் டாலர் மிச்சமாகும் என்று அறிக்கை வந்தது. ஊரில் பெரிய விவாதம். குன்றின்மேல் குடியிருப்பவர்களும், ரெய்னியர் பள்ளத்தாக்கில் 7-ஆம் எண் பேருந்தில் போகும் உழைப்பாளிகளும் ஒரே பக்கம் நின்று பேசிய அரிய சந்தர்ப்பம் அது. 2011-ல் மெட்ரோ விரிவான மதிப்பீடு ஒன்றை வெளியிட்டது. வண்டியின் ஆயுள் முழுவதுக்குமான செலவை ஆண்டுக்கணக்கில் பிரித்தால் டிராலி பஸ்ஸுக்கு 1 கோடியே 18 லட்சம் டாலர், ஹைபிரிடுக்கு 1 கோடியே 55 லட்சம் டாலர். இப்போது டிராலி பஸ் 37 லட்சம் மலிவு.

இரண்டே ஆண்டில் கணக்கு தலைகீழாயிற்று. மோட்டார் மாறவில்லை, மேடு மாறவில்லை. எதைக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் மாறியது. கம்பியை இறக்கினால் நிலையான வழித்தடத்துக்கான மத்திய நிதியை இழப்போம் என்ற உண்மை இரண்டாவது கணக்கில் முழுமையாக இடம்பெற்றது. டீசல் விலையும் நெடுங்காலத்துக்குக் கணிக்கப்பட்டது. மாசும் இரைச்சலும் எந்தக் குடியிருப்புகளில் விழுகின்றன என்பதையும் பார்த்தார்கள். டிராலி பஸ் தப்பியது. 2015 முதல் நியூ ஃபிளையர் நிறுவனத்தின் 174 புதிய வண்டிகள் வந்தன. அவற்றில் மின்கலமும் உண்டு. கம்பி இல்லாத இடத்திலும் கொஞ்ச தூரம் போகும். இன்று ஏறத்தாழ 110 கிலோமீட்டர் இருவழிக் கம்பி உண்டு.

எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்த வெற்றியில் ஒரு சங்கடமும் இருக்கிறது. வாஷிங்டன் டி.சி.யில் ஒரு சட்டத்தின் ஒரு பிரிவில் சில சொற்களை யாராவது எடுத்துவிட்டால் சியாட்டிலின் கணக்கு மறுபடி புரண்டுபோகும். நல்ல வண்டி என்பதற்காக அது பிழைத்திருக்க வேண்டும். பிழைத்ததோ பங்கீட்டு விதியின் துணையால்.

அந்த வண்டியின் அன்றாடத்தைக் கொஞ்சம் அருகில் காட்டுகிறேன். ஜேம்ஸ் தெரு மேட்டில் ஒரு மாலை, மழை. கம்பிகள் கிளை பிரியும் சந்திப்பில் வண்டி திரும்பும்போது கூரையில் தடதடவென்று ஒரு சத்தம். கோல் கம்பியை விட்டு நழுவி வானத்தைப் பார்த்து நின்றது. உள்விளக்குகள் மங்கின. ஓட்டுநர் அம்மாள் ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஒளிரும் மேலங்கியை மாட்டி, கையுறை போட்டுக்கொண்டு இறங்கினார். பின்பக்கம் போய், கோலோடு கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்து இழுத்து, அண்ணாந்து பார்த்து, முகத்தில் மழை விழ விழ, கோலின் நுனியைக் கம்பிக்குக் கீழே கொண்டுவந்து மெல்ல விட்டார். முதல்முறை தவறியது. இரண்டாம்முறை பொருந்தியது. வந்து உட்கார்ந்ததும் முன்வரிசையில் இருந்த முதியவர் ஒருவர் கைதட்டினார், பேருந்தே கைதட்டியது. சந்திப்புகளில் மின்சாரம் இல்லாத சிறு இடைவெளிகள் உண்டு. அங்கே விசையை விட்டு வண்டியைத் தானாக உருள விட வேண்டும். எந்த வளைவில் எந்த வேகம் என்பதெல்லாம் பழகிய ஓட்டுநருக்குக் காலிலேயே இருக்கும். இந்தத் திறமைக்குக் கொடுக்கும் சம்பளம்தான், நான் முன்பு சொன்ன, மத்திய அரசு தராத பணம்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் விற்பனை வரியிலிருந்து. வாஷிங்டன் மாநிலம் தனிநபர் வருமான வரி இல்லாமலே நெடுங்காலம் ஓட்டிய மாநிலம். கடையில் சட்டை வாங்கும் தூய்மைப் பணியாளரும் மென்பொருள் நிறுவன அதிபரும் ஒரே விகிதத்தில் வரி கொடுப்பார்கள். சட்டையின் விலை யாருக்குச் சம்பளத்தில் பெரிய பங்கு என்று உங்களுக்கே தெரியும். அதோடு, ஊரில் வேலை குறைந்தால் கடையில் விற்பனை குறையும். விற்பனை குறைந்தால் பேருந்தின் வருமானம் குறையும். வேலை தேடி அலைகிறவனுக்குப் பேருந்து அதிகம் வேண்டிய அதே மாதத்தில் பேருந்தைக் குறைப்பார்கள்.

ஒருகாலத்தில் இன்னொரு தூணும் இருந்தது: வாகன மதிப்பின்மீது மாநிலம் விதித்த ஆண்டு வரி. விலை உயர்ந்த கார் வைத்திருப்பவர் அதிகம் கட்டுவார். 1999-ல் டிம் ஐமன் என்பவர் முன்னின்ற ஒரு வாக்கெடுப்பு, அந்த வரியை எடுத்துவிட்டு எல்லாக் காருக்கும் 30 டாலர் என்றாக்கியது. நீதிமன்றம் அது செல்லாது என்று சொன்னது. ஆனாலும் சட்டமன்றம் அந்த 30 டாலரைத் தானே சட்டமாக்கிவிட்டது. கிங் மாவட்டப் பேருந்துகள் தங்கள் வருமானத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்தன. ஈடுகட்ட விற்பனை வரியை உயர்த்தினார்கள். 2008-ல் பொருளாதாரம் சரிந்தபோது அந்த ஒற்றைத் தூணும் ஆடியது.

2014 ஏப்ரலில் மாவட்டம் முழுவதும் வாக்கெடுப்பு: வாகனத்துக்கு 60 டாலர், விற்பனை வரியில் 0.1 சதவீதம் கூடுதல். சியாட்டில் நகரம் ஆதரித்தது; சுற்றியுள்ள ஊர்கள் எதிர்த்தன; தோற்றது. செப்டம்பரில் ஆண்டுக்கு 1,51,000 மணி நேரச் சேவை வெட்டப்பட்டது. அந்த நவம்பரில் நகரவாசிகள் தங்களுக்கு மட்டும் அதே வரியை விதித்துக்கொண்டு சேவையை மீட்டார்கள்.

அந்த ஆண்டில்தான் புதிய டிராலி பஸ்கள் தயாராகிக்கொண்டிருந்தன. கோடிக்கணக்கான டாலரில் புது வண்டி வாங்கப் பணம் இருந்தது. இருக்கிற வண்டியை இரவு பதினொன்றுக்கு ஓட்டப் பணம் இல்லை. புது வண்டி திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட ஆள் வருவார்கள். இரவுப் பேருந்து நின்றுபோனதைப் படம் எடுக்க யாரும் வருவதில்லை. மருத்துவமனையில் இரவுப் பணி முடித்துவரும் பெண் நிறுத்தத்தில் நிற்கும்போதுதான் அது தெரியும்.

வேறு நகரங்களும் இதையே சொல்கின்றன. நியூசிலாந்தின் வெலிங்டனில் டிராலி பஸ் 1949 முதல் ஓடியது. கம்பி மாநகராட்சிக்குச் சொந்தமான நிறுவனத்திடம். வண்டி தனியார் நிறுவனத்திடம். ஒப்பந்தம் கொடுப்பது வட்டார மன்றம். பழைய மின்வழங்கல் அமைப்பைப் புதுப்பிக்கும் செலவு வந்தபோது, மொத்த நன்மையையும் தன் கணக்கில் காட்டக்கூடியவர் மூவரில் ஒருவருமில்லை. 2014-ல் முடிவெடுத்து 2017 அக்டோபர் 31-ல் நிறுத்தினார்கள். அந்தத் தெருக்களில் டீசல் பேருந்துகள் வந்தன. பாஸ்டனுக்கு அடுத்துள்ள கேம்பிரிட்ஜில் 1936 முதல் ஓடியவை 2022 மார்ச்சில் நின்றன. மின்கலப் பேருந்துக்காகப் பணிமனையைப் புதுப்பிக்கிறோம் என்பது சொல்லப்பட்ட காரணம். இடைக்காலத்துக்கு வந்தவை டீசல் ஹைபிரிட். மின்சாரத்தில் ஓடிய வண்டியை மின்மயமாக்கத்தின் பெயரால் நிறுத்தியதை நான் சரியென்று ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

நம் பக்கத்து நாட்டையும் சொல்ல வேண்டும். சீனாவின் கொடையாக 1975 டிசம்பரில் காத்மாண்டுவின் திரிபுரேஸ்வரிலிருந்து பக்தபூரின் சூரியவிநாயக் வரை 13 கிலோமீட்டருக்கு டிராலி பஸ் வந்தது. நேபாளம் நீர்மின்சார நாடு. இறக்குமதி டீசலை எரிக்கத் தேவையில்லை. கம்பியும் வண்டியும் கொடையாக வந்தன. பராமரிப்புக்கும் உதிரி பாகத்துக்கும் ஆண்டுதோறும் வேண்டிய பணத்துக்கு நிலையான வழி அமையவில்லை. 2001-ல் நின்று, 2003-ல் பாதி வழியில் மறுபடி ஓடி, 2008-ல் முடிந்தது.

சியாட்டிலில் டிராலி பஸ்ஸுக்காகப் பாடுபடும் நண்பர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதை அவர்களிடமே சொல்லியிருக்கிறேன். புகை இல்லை, சத்தம் இல்லை, கரி இல்லை என்று பேசுகிறார்கள், எல்லாம் உண்மை. புதிய மின்கலப் பேருந்து பெரிய மின்கலத்தைச் சுமக்க வேண்டும், டெப்போவில் மணிக்கணக்கில் நின்று மின்னேற்ற வேண்டும், கம்பியின் கீழ் ஓடும் வண்டி ஓடும்போதே ஏற்றிக்கொள்ளும் என்பதும் உண்மை. ஆனால் இந்த வாதம் முழுவதும் எந்த வண்டி என்பதைப் பற்றியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வருமா, ஞாயிற்றுக்கிழமை வருமா என்பதைப் பற்றியதல்ல. அரை மணிக்கு ஒருமுறை வரும் டிராலி பஸ்ஸுக்காகக் காத்திருந்து சலித்தவர் கார் வாங்கிவிடுவார். அதன்பின் கம்பியால் எந்த மாசும் குறையாது. ஓட்டும் மணி நேரத்துக்கான பணத்தைக் கேட்கும் போராட்டமும் கம்பிக்கான போராட்டமும் ஒன்றாக நடக்க வேண்டும். பெட்ரோல் வரியைச் சாலைக்கு மட்டும் என்று பூட்டிவைத்த 1944-ஆம் ஆண்டுத் திருத்தத்தைத் தொடாமல் இதில் எதுவும் நிலைக்காது என்பது என் உறுதியான எண்ணம். வாகன வரியையும் பெட்ரோல் வரியையும் போக்குவரத்து முழுமைக்குமான வருமானமாகக் கருதும் நாள்தான் பேருந்து சாலைக்குச் சமமாக நடத்தப்படும் நாள்.

அண்மை நிகழ்ச்சி ஒன்றைச் சொல்லி நிறைவு செய்கிறேன். நகரின் நடுவிலிருந்து மாடிசன் தெரு வழியாக மேட்டுக்கு ஏறும் விரைவுப் பேருந்துத் தடம் 2024 செப்டம்பர் 14-ல் திறக்கப்பட்டது. முதலில் டிராலி பஸ்ஸாகத் திட்டமிட்ட தடம் அது. இருபுறமும் கதவுள்ள நீண்ட டிராலி பஸ் அந்தச் சரிவில் ஏறும் என்று உறுதிகொடுக்க எந்தத் தயாரிப்பாளரும் முன்வரவில்லை; ஹைபிரிட் வண்டிகளே வாங்கினார்கள். கட்டுமானத்துக்கு மத்திய அரசு ஏறத்தாழ 6 கோடி டாலர் மூலதன மானியம் கொடுத்தது. தனிப் பாதை, உயர்ந்த நடைமேடை, திறந்தபோது வாரநாள் பகல்களில் ஆறு நிமிடத்துக்கு ஒரு பேருந்து. கம்பி இல்லாதது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த ஆறு நிமிடத்தை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

நகரின் தெருக்களில் கூடுதல் பேருந்து ஓட்டுவதற்கென்று 2020 நவம்பரில் சியாட்டில் வாக்காளர்கள் 0.15 சதவீத விற்பனை வரியை ஏறத்தாழ 80 சதவீத ஆதரவோடு நிறைவேற்றினார்கள். அந்த வரியை வாக்கெடுப்புக்கு விட முடிவெடுத்தபோது, வாகன வரியைக் குறைக்கச் சொன்ன இன்னொரு வாக்கெடுப்பின் செல்லுபடி இன்னும் வழக்கில் இருந்தது. அதனால் வாகனத்தின்மீதான கட்டணத்தைச் சேர்க்க நகராட்சி துணியவில்லை. அந்த வரிக்கு ஆயுள் ஆறு ஆண்டு. 2027 மார்ச்சில் முடிகிறது. கம்பிக்கும் வண்டிக்கும் மத்திய அரசின் பங்கீடு அதன்பிறகும் வரும். அந்தக் கூடுதல் மணி நேரங்களுக்குச் சியாட்டில் மக்களிடம் மறுபடி வாக்குக் கேட்டாக வேண்டும்.